ஜீப் வண்டியின் விக்கல்

தங்கவயலின் தெருக்களில் பழைய ஜீப் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தந்தை வாங்கியதென்று மகன் விற்க மனமின்றி வைத்திருப்பது ஒன்று; ஏலத்தில் எடுத்துச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது ஒன்று; திருவிழாவுக்கும் சொந்த ஊர்ப் பயணத்துக்கும் மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாட்களில் தார்ப்பாய் போர்த்தி வைப்பது ஒன்று. இவ்வண்டிகளுக்கு வரும் நோய்களுள் மிகப் பொதுவானதும், இல்லத்தாரின் பணத்தை மிக அதிகமாக விழுங்குவதும், ‘மிஸ் அடிக்கிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் விக்கல் நோயேயாகும்.

இந்நோய்க்கு வழக்கமாக நடக்கும் சிகிச்சையை அன்பர்கள் அறிவீர்கள். முதலில் நான்கு பிளக்குகளும் மாற்றப்படும். இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மீண்டும் விக்கும். பிறகு காயில் மாற்றப்படும். அதன் பிறகு கார்புரேட்டர். ஒவ்வொரு முறையும் “இதுதான் காரணம்” என்ற உறுதிமொழி கிடைக்கும். கடைசியில், “என்ஜினே போய்விட்டது, பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஒன்றை ஏற்றிவிடலாம்” என்ற யோசனை வந்து நிற்கும். அரைநாள் வேலையில் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்காக நல்லதோர் என்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். மாற்றிய உதிரிப்பாகங்களின் விலையையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஈடாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒன்றே. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் முன்பே, எந்தப் பொருளை வாங்குவது என்று தீர்மானித்துவிடுகிறோம். நாடி பிடித்துப் பாராமல் மருந்துக் கடைக்கு ஓடுவது போன்றது இது. நம் ஊரில் வீட்டுத் தலைவர் பலர் விடியலிலேயே மாரிக்குப்பத்திலோ சாம்பியன் ரீஃபிலோ ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகின்றனர். பழுது பார்ப்பவரிடம் பேசி முடிவு செய்யும் பொறுப்பு இல்லத்தரசிக்கோ, கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கோ வந்து சேர்கிறது. ஸ்பானரைக் கையில் எடுக்காதவர்களும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? அதன்பொருட்டே இக்கட்டுரை.

ஜீப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்தபின் அவற்றுள் பல நம் நாட்டிலும் ஏலத்துக்கு வந்தன. 1945-இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம், 1940-களின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் கோத்து விற்கத் தலைப்பட்டது. பின்னர் படிப்படியாக இங்கேயே செய்யலாயிற்று. உயர்ந்த மூக்குடைய சி.ஜே. 3-பி என்ற வகையே நம் நாட்டில் பெரிதும் பரவியது. அதன் மூக்கு உயர்ந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கும் ‘ஹரிக்கேன்’ என்ஜின்தான். போர்க்கால என்ஜினில் எல்லா வால்வுகளும் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. ஹரிக்கேன் என்ஜினிலோ கலவை உள்ளே நுழையும் வால்வைத் தலைப்பகுதிக்கு உயர்த்திவிட்டு, புகை வெளியேறும் வால்வை மட்டும் பழையபடி பிளாக்கிலேயே விட்டுவிட்டனர். ஆகவே என்ஜின் உயரமாயிற்று, மூக்கும் உயர்ந்தது, 60 குதிரைத்திறன் 70-க்கு மேல் சென்றது. ஒரு வால்வு மாடியிலும் மற்றொன்று கீழ்த்தளத்திலும் குடியிருக்கும் இந்த அமைப்பை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் சொல்லப்போகும் ஒரு பெருங்குறைக்கு இதுவே பிறப்பிடம்.

விக்கல் என்பது என்ன? நான்கு சிலிண்டர்களுள் ஒவ்வொன்றும் கலவையை உறிஞ்சி, அழுத்தி, மின்பொறியால் கொளுத்தி, புகையை வெளியே தள்ள வேண்டும். சிலிண்டர்களை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என எண்ணுகிறோம். அவை வெடிக்கும் வரிசை 1-3-4-2. என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் நிமிடத்துக்கு 4000 வெடிப்புகள்; சிலிண்டர் ஒன்றுக்கு ஆயிரம். வெடிப்பு நிகழ மூன்று பொருத்தங்கள் வேண்டும்: சரியான நேரத்தில் வலுவான பொறி, போதுமான அழுத்தம், எரியக்கூடிய விகிதத்தில் பெட்ரோலும் காற்றும். இம்மூன்றுள் ஒன்று தவறினாலும் அந்த முறைக்கு வெடிப்பு இல்லை. மற்ற மூன்று சிலிண்டர்களும் அந்தச் சோம்பேறியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. அந்தத் தடுமாற்றமே விக்கல்.

வண்டியின் மூடியைத் திறக்கும் முன் காதுக்கு வேலை கொடுப்பது நலம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கு மேலுள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் உறுதி, பொத்தென்று ஒலித்தால் ஆபத்து என்று அறிந்துகொள்ளும் வித்தை அது. உயிரே அந்த ஒலியில் அடங்கியிருந்தது. ஜீப்பின் விக்கலிலும் இருவகை உண்டு. தாளம் தவறாமல், நான்காம் அடி மட்டும் விழாத மத்தளம்போல் ஒரே ஒழுங்காக விக்கினால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் குறை என்று கொள்ளலாம். ஒழுங்கின்றி, ஒரு சமயம் விக்கி, ஒரு சமயம் தெளிந்து, திடீரென்று நாலைந்து அடிகளைச் சேர்த்து விழுங்கினால், குறை நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அதாவது பாயிண்ட், கண்டென்சர், காயில், பெட்ரோல் ஆகியவற்றுள் ஒன்றில். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே வீண்செலவில் பாதி குறைந்துவிடும். ஒழுங்காக விக்கும் வண்டிக்குப் புதுக் காயில் வாங்கச் சொல்பவரிடம், “காயில் நான்குக்கும் பொதுவாயிற்றே, ஒன்று மட்டும் ஏன் கெட வேண்டும்?” என்று கேட்கலாம்.

எப்போது விக்குகிறது என்பதும் முக்கியம். நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது மட்டும் விக்கி, வேகத்தில் தெளிந்தால், கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைப்பையோ, எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் காற்று நுழைவதையோ, வால்வு இறுக்கத்தையோ ஐயுற வேண்டும். சமவெளியில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் விக்குவது வேறு வகை. பேரணாம்பட்டிலிருந்து வி. கோட்டாவுக்கு ஏறும் பத்தலப்பள்ளி மலைப்பாதை இதற்கு நல்ல பரீட்சைக் கூடம். குடியாத்தம் பக்கத்து உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் வண்டி தன் குறையைச் சொல்லும். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது; கூடிய அழுத்தத்தில் பொறி பாய்வது கடினம். ஆகவே தேய்ந்த பிளக், தளர்ந்த காயில், கசியும் வயர் ஆகியவை ஏற்றத்தில்தான் அகப்படும். பெட்ரோல் போதிய அளவு வராத குறையும் அங்கேதான் வெளிப்படும். சூடேறிய பின் மட்டும் விக்கினால் காயிலையும் கண்டென்சரையும், மழைக்குப் பின் விக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

இனிச் சோதனைக்கு வருவோம். என்ஜினை மெல்ல ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்காக வேலையை நிறுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். நல்ல மரக் கைப்பிடியுள்ள திருப்புளியின் உலோகத் தண்டை முதலில் என்ஜின் பிளாக்கில் ஊன்றிக்கொண்டு, அதன்மேல் பகுதியைப் பிளக்கின் தலையில் சாய்த்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் பிளாக்குக்கு இறங்கிவிடும். நல்ல சிலிண்டராயின் என்ஜினின் ஓட்டம் உடனே தளரும். செத்த சிலிண்டராயின் ஒரு மாற்றமும் தெரியாது. ஏற்கனவே வேலை செய்யாதவன் வீட்டுக்குப் போனால் பட்டறைக்கு என்ன நஷ்டம்? வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிடுவதைக் காட்டிலும் இவ்வாறு பொறியை இறக்கிவிடுவதே காயிலுக்கு நல்லது. பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் அமைப்புப் பொருத்திய வண்டிகளில் வயரைத் தொங்கவிடவே கூடாது. அந்த அமைப்பு கெட்டுப்போகக்கூடும். பெட்ரோல் கசிவு ஏதேனும் இருந்தால், அதை நிறுத்தித் துடைத்து உலரவிட்ட பிறகே இச்சோதனையைத் தொடங்க வேண்டும். பொறியும் பெட்ரோல் ஆவியும் சந்தித்தால் நடப்பது சோதனையாக இராது.

செத்த சிலிண்டர் எதுவென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் கடைக்குப் போக வேண்டாம். மூன்றாம் பிளக்கைக் கழற்றி முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் மாற்றிப் பூட்டுங்கள். செலவு ஒரு காசும் இல்லை. விக்கல் முதலாம் சிலிண்டருக்கு இடம் மாறினால் பிளக்கே குற்றவாளி. மூன்றிலேயே தங்கிவிட்டால் பிளக் நிரபராதி. அடுத்ததாக வயர்களையும் அவ்வாறே சோதிக்கலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எந்தத் துளையிலிருந்து எந்தச் சிலிண்டருக்கு வயர் போகிறது என்பதைக் குறித்துக்கொண்டே கழற்ற வேண்டும். ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அதை மறந்து வலஞ்சுழியாக வயர் பூட்டி, “வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது” என்று தவிப்போர் உண்டு.

கழற்றிய பிளக் ஒரு சிறு ஜாதகம். பழுப்பு நிறமும் உலர்ந்த முனையும் நலத்தின் அறிகுறி. கரிபோல் உலர்ந்த கறுப்பானால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய் பிசுபிசுத்தால் பிஸ்டன் வளையத்தையோ வால்வு கைடையோ நினைக்க வேண்டும். வெளுத்துச் சுண்ணாம்புபோல் இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது மிகுந்த சூடு. பெட்ரோலில் நனைந்து மணந்தால் அங்கே பொறியே விழவில்லை. ஹரிக்கேன் என்ஜினுக்குப் பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பெங்களூர் மைக்கோ தொழிற்சாலையின் பிளக்குகளால் இந்நாட்டு ஜீப்புகள் பல காலம் ஓடின. இன்று எந்தப் பெயரில் வாங்கினாலும், பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே பூட்டாமல், ஃபீலர் கேஜால் அளந்து பூட்ட வேண்டும்.

விக்கல் ஒழுங்கற்றதாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நோக்க வேண்டும். பாயிண்டுகள் முழுவதும் திறந்திருக்கையில் இடைவெளி 0.020 அங்குலம் என்பது வில்லிஸ் கையேட்டின் கணக்கு. வேறு தயாரிப்பு டிஸ்ட்ரிபியூட்டர் பொருத்தப்பட்டிருந்தால் அதற்குரிய அளவையே கொள்ள வேண்டும். பாயிண்ட் முகங்கள் நீலமாகக் கருகியிருந்தால் கண்டென்சர் தளர்ந்திருக்கலாம். கண்டென்சரைச் சோதிக்கக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. நல்லதென்று தெரிந்த ஒன்றை, பழையதன் வயரைக் கழற்றிவிட்டு, வெளிப்புறத்திலேயே காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே தற்காலிகமாக இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று கவனிக்க. ஆதி ஜீப்புகளின் மின்சாரம் 6 வோல்ட். பின்னவை 12 வோல்ட். பேட்டரியை 12-க்கு மாற்றிவிட்டு, 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டிருக்கும் வண்டிகள் உண்டு. அவற்றில் எத்தனை பாயிண்ட் செட் போட்டாலும் கருகிக்கொண்டேதான் இருக்கும்.

வயதான ஜீப்புகளில் நான் முதலில் ஐயுறுவது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத்தான். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால், தண்டு சுற்றும்போதே பக்கவாட்டில் ஆடும். பாயிண்ட் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒருவிதமாகவும், அடுத்ததற்கு வேறுவிதமாகவும் ஆகிவிடும். பிளக், காயில், கண்டென்சர் அனைத்தும் புதிதாயிருந்தும் தீராத விக்கல்களுள் பல இந்த ஒரு புஷ்ஷால் வருபவை. பாயிண்ட் திறந்திருக்கும் நிலையில் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால் புஷ் மாற்றியே ஆக வேண்டும். கடைசல் இயந்திரம் உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய வேலை இது. தங்கவயலில் கடைசல் தெரிந்த கைகளுக்கு என்றும் பஞ்சமில்லை. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை வைண்டிங் என்ஜின்களையும் காற்றழுத்த இயந்திரங்களையும் பழுது பார்த்தவர்கள் நம்மவர்கள். 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் தொழிற்சாலையில் மண்வாரி இயந்திரங்களைக் கோத்தவர்களும் நம் அண்டை வீட்டார்தாம். புது உதிரிப்பாகம் தேடிப் பெங்களூருக்குப் போகும் முன், இத்தகைய பெரியவர் ஒருவரிடம் பழையதைக் காட்டிவிட்டுப் போவது நல்லது.

மூடியிலும் வயரிலும் உள்ள கசிவைக் காண இருளே சிறந்த கண்ணாடி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, எட்ட நின்று பாருங்கள். வெடித்த வயர்களிலிருந்து நீலநிறப் பொறிகள் ஓடுவது தெரியும். வயர்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதும் சில சமயம் குறையாகும். மூன்றும் நான்கும் அடுத்தடுத்த சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து. அவ்விரண்டின் வயர்களும் ஒட்டியே ஓடினால், ஒன்றின் மின்விசை மற்றொன்றில் தூண்டப்பட்டு, வேளை தவறிய வெடிப்பு நேரலாம்.

பொறி நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழுந்திருக்க மறுத்தால், அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் மின்இணைப்பையும் நீக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்துவைத்து, கம்ப்ரெஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுவது முறை. 7.4 மடங்கு அழுத்தமுள்ள ஹரிக்கேனுக்குச் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 130 பவுண்டு வரை என்பது கையேடு. ஆனால் அந்தக் கையேடு தங்கவயலில் எழுதப்படவில்லை. நம் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர், அதாவது 2800 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தமே சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 120 காட்ட வேண்டிய கருவி இங்கே 108, 110 என்று காட்டினால் என்ஜின் சாகவில்லை. ஊர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவே. உறிஞ்சு விசையைக் காட்டும் வாக்குவம் கேஜிலும் இப்படித்தான். கடலோரத்தில் 18 அங்குலத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டிய முள், ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறைந்து இங்கே 15-இல் நிற்கும். இதை அறியாத ஒருவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நல்ல என்ஜினுக்குப் பிஸ்டன் வளையம் மாற்றச் சொல்வார். எண்ணின் அளவைவிட நான்கு சிலிண்டர்களுக்குள் உள்ள ஒற்றுமையே நாம் பார்க்க வேண்டியது. 108, 110, 106, 109 என்றால் குறையில்லை. 108, 110, 70, 109 என்றால் மூன்றில் நோய் உறுதி. அடுத்தடுத்த இரண்டு ஒருசேரக் குறைந்திருந்தால், இடையேயுள்ள ஹெட் கேஸ்கட் உடைந்திருக்கக்கூடும்.

குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெயை விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் நன்றாக ஏறினால் வளையத்தில் குறை. ஏறாவிட்டால் வால்வில் அல்லது கேஸ்கட்டில். மேலே சொன்ன மாடி வீடு, கீழ்த்தளக் கதை இங்கேதான் வருகிறது. மாடியிலுள்ள நுழைவு வால்வின் டாப்பெட்டை, மேல்மூடியைக் கழற்றி யாரும் எளிதில் சரிசெய்துவிடலாம். கீழ்த்தளத்து வெளியேற்று வால்வின் டாப்பெட்டோ, பக்கவாட்டு மூடிக்குப் பின்னே, மானிபோல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. கை நுழைவது கடினம். சூடான என்ஜினில் கை வெந்துவிடும். எனவே மேலே சரிசெய்துவிட்டு, “டாப்பெட் பார்த்தாயிற்று” என்று கணக்கு எழுதிவிடுகின்றனர். கீழேயுள்ளது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அழுந்தி, இடைவெளி சுருங்கி, ஒருநாள் வால்வு முழுவதும் மூடாமல் போகிறது. புகையும் நெருப்பும் செல்லும் வழி அது. இருக்கையில் உட்கார்ந்தால்தான் அவ்வால்வின் சூடு ஆறும். உட்காராத வால்வு ஓரத்தில் கருகிப் பிளந்துவிடும். டக் டக்கென்று சப்தமிடும் டாப்பெட்டை எல்லோரும் வெறுக்கின்றனர். ஆனால் உண்மையில் அஞ்சத்தக்கது சப்தமே இல்லாமல் இறுகிப்போன டாப்பெட்தான். குளிர்ந்த நிலையில் நுழைவு வால்வுக்கு 0.018 அங்குலம், வெளியேற்று வால்வுக்கு 0.016 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். மெக்கானிக்கிடம், “கீழேயும் பார்த்தீர்களா?” என்று கேட்பதற்கு இல்லத்தரசி தயங்க வேண்டியதில்லை.

கருகிய வெளியேற்று வால்வுக்குக் கருவியில்லாத சோதனையும் ஒன்று உண்டு. மெல்ல ஓடும் என்ஜினின் சைலன்சர் முனைக்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், அது சீராக வெளியே படபடக்க வேண்டும். அவ்வப்போது உள்ளே இழுபட்டால் அந்த வால்வு மூடவில்லை என்பதற்கு அது சாட்சி. வெளியேற்று வால்வு கருகினாலும் என்ஜின் போய்விடவில்லை. ஹெட்டைக் கழற்றி, வால்வை மாற்றி, இருக்கையைத் தேய்த்துப் பொருத்தினால் மீண்டும் பல ஆண்டுகள் உழைக்கும். “டீசல் என்ஜின் ஏற்றிவிடலாம்” என்ற யோசனையை இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டியது முன்பு குறைவாக இருந்தது, இப்போது கூடிவிட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட இ-20 பெட்ரோல், அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. நம் ஜீப்பின் கார்புரேட்டர் இத்தகைய எரிபொருளை அறியாத காலத்தில் பிறந்தது. தூய பெட்ரோலுக்கு எடையில் பதினான்கே முக்கால் பங்கு காற்று வேண்டும். இ-20-க்கு ஏறத்தாழப் பதின்மூன்றரையே போதும். பழைய ஜெட் பழைய அளவிலேயே எரிபொருளை விடுவதால், கலவை வெளிறிவிடுகிறது. மெல்ல ஓடும்போது விக்கலும், வேகம் பிடிக்கையில் கார்புரேட்டர் வழியே தும்மலும் வருகின்றன. நம் ஊரின் மெல்லிய காற்று எதிர்த்திசையில் சற்று உதவி, கலவையைக் கொஞ்சம் செறிவாக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் முழுவதும் ஈடாகாது. கலவை திருகைச் சிறிது திறப்பதும், வேண்டுமானால் ஒரு படி பெரிய ஜெட் போடுவதும் பரிகாரம்.

ஜெட்டைவிட ரப்பரே பெரிய கவலை. எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் இளகவும் செய்கிறது. பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம், ரப்பர்க் குழாய்கள் ஆகியவை எத்தனாலைத் தாங்கக்கூடிய வகையாக இல்லாவிட்டால், உட்புறம் உரிந்து துகள்கள் ஜெட்டை அடைக்கும்; வெளிப்புறம் கசிந்தால் தீயபாயம். மேலும் எத்தனால் நீரை ஈர்ப்பது. தார்ப்பாய் போர்த்தி மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் ஈரம் சேர்ந்து, ஓர் அளவு மீறியதும் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். திருவிழாவுக்கு முதல்நாள் வண்டியை எடுப்பவர்கள் காரணம் புரியாமல் திகைப்பது இதனாலேயே. பம்ப்பின் கீழுள்ள கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சிறிது பெட்ரோலைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிகிறதா என்று தெரிந்துவிடும். பிரிந்தால் டாங்கியைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தங்கவயலுக்கே உரிய மற்றொன்று புழுதி. சயனைடு மேடுகள் என்று நாம் அழைக்கும் அரைத்த பாறைக் குவியல்களிலிருந்து காற்று வாரி வரும் மாவு, ஊரெங்கும் படிகிறது. ஜீப்பின் ஏர் கிளீனர் எண்ணெய்க் குளியல் வகையைச் சேர்ந்தது. கிண்ணத்தில் எண்ணெய் சேறாகிவிட்டால் காற்று நுழைவது குறைந்து கலவை கறுக்கும். எண்ணெயே வற்றிவிட்டால் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் வளையங்களை அரைத்துவிடும். காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் திறந்து பார்ப்பது மிகையன்று. கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கட், உறிஞ்சு குழாய்கள், கிராங்க் அறையின் ஆவி வெளியேற்றும் வால்வு ஆகியவற்றில் திருட்டுக் காற்று நுழைகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஹரிக்கேனில் உறிஞ்சு மானிபோல்டு ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், கசியும் இடங்கள் குறைவு என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

“ஓடுகிறவரை ஓடட்டும்” என்று விக்கலோடு ஓட்டுவது மட்டும் கூடாது. வெடிக்காத சிலிண்டரின் பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எண்ணெய்க் கம்பியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். ஒரு பிளக்கின் குறையாகத் தொடங்கியது, பேரிங்கின் குறையாக முடிவது இவ்வழியில்தான். எரியாத பெட்ரோல் புகைச் சோதனையிலும் வண்டியைத் தோற்கச் செய்யும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதாகையால், அதுவும் சிறிய விஷயமன்று.

குறை தீர்ந்ததாகத் தோன்றியபின் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை பேத்தமங்கலம் பக்கம் ஓட்டிச் சென்று, ஏற்றமொன்றில் மூன்றாம் கியரில் பாரத்தோடு இழுக்கவிட்டு, அங்கேயே இக்னிஷனை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். சூடு ஆறியதும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு காகிதத்தில் வையுங்கள். நான்கும் ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் மெக்கானிக்குக்குக் கூலியைக் கொடுத்துவிடலாம்.